இருபத்தேழு வாரம் ஆறு நாள்

அந்த வீட்டில் இரண்டு பி.எம்.ஆர். இருந்தன. ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று தங்கையுடையது.

அண்ணன் ரதீஷ் மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தான். வைப்பினுக்கும் கும்பளங்கிக்கும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் பதினோரு படகுகளில் அவன் மாட்டிக் கொடுத்த வயர்லெஸ் செட்டுகள் இருந்தன. மணிக்கு ஒரு முறை மேஜையிலிருந்தே ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதுவான். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிரைவேட் மொபைல் ரேடியோ. சுருக்கமாக பி.எம்.ஆர்.

தங்கை ரஜிதா புள்ளியியல் படித்துவிட்டு ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் அனுப்பும் படிவங்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது அவள் வேலை. வயிற்றிலேயே இறந்த குழந்தைகள், பிறந்து ஒரு வாரத்துக்குள் இறந்த குழந்தைகள், இரண்டும் சேர்ந்து ஆயிரம் பிறப்புக்கு எத்தனை என்று ஓர் எண் வரும். பெரினேட்டல் மார்ட்டாலிட்டி ரேட். அதுவும் பி.எம்.ஆர்.தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் சாப்பிடும்போது அந்தச் சொல்லை உச்சரித்ததும் ரதீஷ் கையிலிருந்த பப்படத்தைக் கீழே வைத்தான்.

"எடீ, அது என்னோடதல்லே? நீ எப்போ வயர்லெஸ் படிச்சே?"

அவள் விளக்கினாள். அவன் பப்படத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "அப்போ உன் பி.எம்.ஆர். கொறையணும், என் பி.எம்.ஆர். கூடணும். அம்மா, ரெண்டுக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்றான். அம்மா சுப்பம்மாளுக்கு இரண்டும் புரியவில்லை. ஆனால் வேண்டிக்கொண்டாள்.

ரஜிதா அதிகம் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். ஆனால் எண்கள் விஷயத்தில் அவளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இருபத்தெட்டு வாரம் நிறைந்த பிறகு, அல்லது ஒரு கிலோ எடைக்குக் குறையாமல், உயிரில்லாமல் பிறந்தால்தான் அது கணக்கில் வரும். அதற்கு ஒரு நாள் முந்தினாலும் அது கருச்சிதைவு, கணக்கில் இல்லை. தங்கள் எண் குறைவாக இருக்க வேண்டும் என்று சில ஆஸ்பத்திரிகள் இருபத்தெட்டை இருபத்தேழு என்று எழுதி அனுப்புவதுண்டு. ரஜிதா அப்படிப்பட்ட படிவங்களைத் தேதியோடு வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவாள். அவள் மேலதிகாரி சுதீர் சார், "வாயில் சப்தம் இல்லாத பெண், பேனா மட்டும் கத்தும்" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ரதீஷின் மனைவி பாக்கியலக்ஷ்மி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் மாமனார் ரங்கசாமியின் அப்பா காலத்தில், நகராட்சி வேலைக்காகக் கொச்சிக்கு வந்த குடும்பம் இது. பெண் மட்டும் இன்னும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். பாக்கியத்துக்கு மலையாளம் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. ரஜிதாவுக்கு மலையாளம்தான் படிக்க வரும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகையால் பாக்கியம் நாள் தள்ளிப்போய் ஆஸ்பத்திரியில் பதிவு செய்யப் போனபோது கூடவே போய்க் கார்டை நிரப்பிக் கொடுத்தவள் ரஜிதாதான்.

கடைசியாகத் தூரமான தேதி வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ரஜிதா அதைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

"சித்திரை பத்து" என்றாள் பாக்கியம். யோசிக்கவே இல்லை. "எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து அன்னைக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. கோயிலுக்குள்ள போக முடியாமப் போச்சுல்லா."

அடுக்களைச் சுவரில் மலையாளக் காலண்டர் தொங்கியது. ரஜிதா தாள்களைப் பின்னால் தள்ளி, ஏப்ரலுக்குப் போய், பெரிய எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மேட மாதத் தேதிகளில் பத்தைத் தேடினாள். மேடமும் சித்திரையும் ஒரே மாதம். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள். பத்துக்கு மேலே பெரிய எண் இருபத்துநான்கு. ஏப்ரல் 24, 2023 என்று எழுதிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கார்டில் அதுவே ஏறியது.

நவம்பர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளிலிருந்தே குழந்தை அசையவில்லை என்று பாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ரதீஷை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மதியம் மூன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. பெண். எடை தொள்ளாயிரத்து அறுபது கிராம்.

அவர்கள் வழக்கத்தில் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். நகராட்சியில் முப்பது வருடம் வேலை பார்த்த ரங்கசாமி, யாரும் சொல்லாமலே வராந்தாவின் கோடிக்குப் போய் இடுகாட்டில் இருக்கிற பழைய ஆள் வீரபாண்டிக்குப் போன் பண்ணினார். "சின்ன எடம் போதும்ப்பா" என்று அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சுப்பம்மாள் எதிர்க் கடையில் ஒரு புது வெள்ளைத் துண்டு வாங்கி வந்து, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரதீஷ் சுவரில் சாய்ந்து நின்றான்.

பிரசவ அறையிலிருந்து அம்மிணி சிஸ்டர் வெளியே வந்தார். ஐம்பது தாண்டியவர். ஒரு தடவை அவர் அனுப்பிய படிவம் ஒன்றையும் ரஜிதா வட்டமிட்டுத் திருப்பியிருந்தாள், அதிலிருந்து பழக்கம். கையில் பாக்கியத்தின் கார்டு இருந்தது.

"மோளே, எடை கொஞ்சம் குறைவு. அப்போ வாரம் பார்த்துத்தான் எழுதணும். ஸ்கேன் ரெண்டு மூணு நாள் முன்னப் பின்னக் காட்டும், கார்டுதான் கணக்கு. இருபத்தெட்டு ஆச்சுன்னா குழந்தையை உங்க கையில தரலாம். இல்லேன்னா ஆஸ்பத்திரியே பார்த்துக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் கணக்குக்கு அங்கேயும் இங்கேயுமா நிக்குது. நீ இந்த ஜோலிக்காரியல்லே, நீயே சொல்லு. நீ சொல்றதை எழுதறேன்."

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று ரஜிதா பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். சிஸ்டர் கணக்கைக் கேட்கவில்லை. ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கணக்குப் போடச் சிஸ்டருக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரத்தில் ரஜிதாவின் காதில் விழுந்தது ஒரு கணக்கு மட்டும்தான். கணக்குப் போடுகிற நேரத்துக்கு அழாமல் இருக்கலாம் என்று தோன்றியது. ஏப்ரல் இருபத்துநான்கிலிருந்து நவம்பர் ஐந்து வரை நூற்றுத் தொண்ணூற்றைந்து நாள்.

"இருபத்தேழு வாரம் ஆறு நாள்" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். வராந்தாவில் எல்லாருக்கும் கேட்டது. அறைக்கதவு திறந்தே இருந்ததால் உள்ளே படுத்திருந்த பாக்கியத்துக்கும் கேட்டது.

சிஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி" என்று உள்ளே போனார்.

ரதீஷ் கேட்டுப் பார்த்தான். ஒரு நாள்தானே என்றான். எழுதியாகிவிட்டது, டாக்டர் கையெழுத்தும் போட்டாயிற்று என்றார்கள். ரங்கசாமி மறுபடி கோடிக்குப் போய் வீரபாண்டிக்கு வேண்டாம் என்று சொன்னார். பின்பக்க வழியாக ஒரு பணியாளர் மஞ்சள் பை ஒன்றை எடுத்துப் போனதை ரஜிதா மட்டும் பார்த்தாள். மஞ்சள் பை ஆஸ்பத்திரிக் கழிவுக்கானது என்று அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளைத் துண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து அலமாரியில், பில் ஒட்டியபடியே இருந்தது.

நவம்பர் மாத எண்ணை அவள்தான் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பிறப்பு, நான்கு மரணம். ஒன்பது புள்ளி ஏழு. போன மாதத்தைவிடக் குறைவு. சுதீர் சார் நன்றாக இருக்கிறது என்றார்.

வீட்டில் யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. விதி அப்படி இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று ரதீஷே அம்மாவிடம் சொன்னான். "அவ பொய் சொல்ல மாட்டா. அதுக்கு நாம என்ன பண்றது?" அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரஜிதா ஐந்து வாரம் வீட்டுக்குள் நடமாடினாள்.

டிசம்பர் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்களையில் பாக்கியமும் அவளும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அப்போதுதான் கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய்க் காதுகுத்தில் வந்து நின்றது.

"நான் மட்டும் கோயிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். உள்ள ஒரே சிரிப்பும் சத்தமும். ஞாயித்துக்கெழமன்னு ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருந்தாவ. எங்க அத்தான்கூடக் கடைய அடைச்சிட்டு வந்தாரு, பாத்துக்கோ. எனக்கு மட்டும் எலையில சோறு வெளிய வந்துச்சு." அவள் லேசாகச் சிரித்தாள். "ஆனா அன்னைக்கு எனக்கு வருத்தமே இல்ல ரஜி. ஏன்னு தெரியல."

ரஜிதாவின் கை நின்றது.

"ஞாயிற்றுக்கிழமையா மதினி?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லே."

மீன் கையோடு எழுந்துபோய்க் காலண்டரைத் திருப்பினாள். மேடம் பத்து, திங்கட்கிழமை. ஞாயிறு அதற்கு முந்தின கட்டம். ஏப்ரல் இருபத்துமூன்று.

அந்த வருடம் தமிழ் வருஷப்பிறப்பு ஏப்ரல் பதினான்கிலும் விஷு பதினைந்திலும் வந்தது. எப்போதும் ஒரே நாளில் முடிகிற காரியம் இரண்டு நாளாகிவிட்டதே என்று அம்மா முனகிக்கொண்டே இரண்டு நாளும் பாயசம் வைத்தாள். ரஜிதா இரண்டு நாளும் குடித்தாள். சித்திரை ஒரு நாள் முன்னால் பிறந்துவிட்டது, மேடம் ஒரு நாள் பின்னால். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தென்காசிக் கணக்கில் சொன்ன தேதியைக் கொச்சிக் காலண்டரில் தேடும்போது அவளுக்கு மட்டும் அது தோன்றவில்லை.

நூற்றுத் தொண்ணூற்றாறு நாள். சரியாக இருபத்தெட்டு வாரம்.

அவள் பொய் சொல்லவில்லைதான். ஆனால் சொன்னது உண்மையும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் சுதீர் சாரிடம், ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி நடந்திருக்கிறது என்று யாருடையது என்று சொல்லாமல் கேட்டாள். ஒரு நாளுக்காக, அனுப்பியாகிவிட்ட அறிக்கையைத் தோண்டுவதா என்றார் அவர். மதியம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மிணி சிஸ்டர் காதுகொடுத்துக் கேட்டார்.

"திருத்தலாம். தேதி தப்புன்னு அப்பன் கையெழுத்துப் போட்டு லெட்டர் தரணும், டாக்டர் பார்த்து மாத்துவார். ஆனா எதுக்கு மோளே? போனது போச்சு. நீ சொல்லலேன்னா இது யாருக்கும் தெரியப் போறதில்லே."

அதுதான் உண்மை. அந்த ஒரு நாள் எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிய காரியம். அதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை. நான்கு நாள் அப்படியே இருந்தாள். அந்த நான்கு நாளும் அண்ணன் அவளுக்கு எடுத்துவைத்த சோற்றை அவளால் அண்ணன் முகத்தைப் பார்த்துத் தின்ன முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிடங்கின் மரப்படி ஏறினாள். கீழே சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்ததால் மாடிவரை வாசம். ரதீஷ் படகுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்டூலைக் காலால் நகர்த்தினான்.

"நீ என்னடி இந்த நேரத்திலே? சாயா சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணே. நீ முடி."

ஐந்தாம் நம்பர் படகு பதில் தரவில்லை. நோட்டில் நேரம் போட்டு, 'கூப்பிட்டேன், பதில் இல்லை' என்று எழுதினான். எழுதின பிறகுதான் மறுபடி கூப்பிட வேண்டும். அது அவன் விதி. அதற்கு மேலே, அன்றைய தேதியில், முந்தின நாள் சமாச்சாரம் ஒன்று இருந்தது. 'தாமதப் பதிவு. நேற்று 4.10, இரண்டாம் நம்பர், இன்ஜின் நின்றது.' முன்பு ஒரு தடவை அவள் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். விட்டுப்போனதை வரிக்கு நடுவில் நுழைக்கக் கூடாது, இன்றைய பக்கத்தில் எழுதி, நடந்த நேரத்தைப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தான். "அப்போ நான் விட்டுட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும். நடந்தது நடந்ததில்லேன்னு ஆகக் கூடாதல்லே?"

ஐந்தாம் நம்பர் இரண்டாவது தடவை பதில் தந்தது. அவன் மைக்கைக் கீழே வைத்தான்.

அவள் சொன்னாள். சித்திரை, மேடம், ஞாயிறு, திங்கள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அப்படியும் பாதியில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ரதீஷ் நோட்டின் மேலேயே கண்ணை வைத்திருந்தான்.

"அப்போ அன்னிக்கு இருபத்தெட்டு."

"ஆமா."

"கையிலே தந்திருப்பாங்க."

"தந்திருப்பாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு ஹாரன் அடித்தது. அவன் எழுந்து ஜன்னலை மூடிவிட்டு வந்தான்.

"இப்போ லெட்டர் குடுத்தா என்ன ஆகும்?"

"ரெஜிஸ்டரிலே மாறும். செத்துப் பிறந்ததுன்னு பதிவாகும். நவம்பர் கணக்கிலே ஒண்ணு கூடும்."

"வேறே?"

"வேறே ஒண்ணுமில்லே அண்ணே."

"எங்கே கொண்டுபோனாங்கன்னு..."

"அது தெரியாது."

கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் நோட்டின் கடைசியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவள் முன்னால் வைத்தான்.

"மலையாளத்திலே எழுது. நான் ஒப்பு போடறேன்."

எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவன் ஒரு தடவை படித்தான். "நேரம் எழுதலையே" என்றான். அவள் 'மதியம் 3.40' என்று சேர்த்தாள். கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினான்.

"பாக்கியத்துகிட்ட நான் சொல்றேன். நீ சொல்லண்டா."

"நான்தானே அண்ணே சொல்லணும்."

"நீ சொன்னா தேதியோட சொல்லுவே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மணி ஆகியிருந்தது. மைக்கை எடுத்து ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டான். ரஜிதா படியிறங்கினாள்.

டாக்டர் ஒரு வாரம் இழுத்துவிட்டுத் திருத்தினார். ஜனவரி முதல் வாரம் டிசம்பர் அறிக்கை தயாரானபோது, ரஜிதா அதன் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தாள். தாமதப் பதிவு: நவம்பர் 5, மதியம் 3.40, பெண், இருபத்தெட்டு வாரம், 960 கிராம். நவம்பர் எண் 9.7 அல்ல, 12.1. தேதியைத் தவறாக எழுதியவர் என்று தன் பெயரையும் போட்டாள். சுதீர் சார் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்படி எழுதுகிற வழக்கமே இல்லை என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவர் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டார்.

ரதீஷ் வீட்டில் எப்போது சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. பாக்கியம் முன்பு போலவே இருந்தாள். நெத்திலி கிள்ளினாள், துணி மடித்தாள். புது வருடத்துக்கு மலையாளக் காலண்டரை மாற்றியபோது, அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்துத் தென்காசியிலிருந்து வந்த தமிழ்த் தினசரிக் காலண்டரையும் தொங்கவிட்டாள்.

அன்று சாயங்காலம் ரஜிதா வேலையிலிருந்து வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். பாக்கியம் சாயாவுக்குப் பால் வைத்திருந்தாள். அலமாரி திறந்திருந்தது, வெள்ளைத் துண்டு அங்கே இல்லை. ஜன்னல் கொடியில், நனைத்துக் காயப்போட்டிருந்தது.

"ஒரே ஒரு நாளா, ரஜி?"

"ஒரு நாள்தான் மதினி."

பாக்கியம் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. நெடுநாள் யோசித்து வைத்ததைச் சொல்வது போல இருந்தது.

"கார்டுல தப்பா எழுதினதுகூடப் பரவால்ல. யாருக்குத்தான் தப்பு வராது. ஆனா அன்னைக்கு அந்தம்மா வந்து கேக்கும்போது நீ பேசாம இருந்திருக்கலாம்லா. எப்பவும் இருக்கியே, அது மாதிரி."

பால் பொங்கி வந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். வழிகிற நேரத்தில் பாக்கியம்தான் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.